பெர்த் - லண்டன்: 14,498 கிலோமீட்டரும் நம்ம கெண்டைக்காலும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்துல ஏறினா, எங்கேயும் நிக்காம சுமார் 17 மணி நேரத்துல லண்டன். தூரம் 14,498 கிமீ. இந்த 17 மணி நேரத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறும் இருக்கு, ஒரு மருத்துவ எச்சரிக்கையும் இருக்கு. பொறுமையா படிங்க 👇

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் வசமானது. ஆஸ்திரேலியா - இங்கிலாந்து விமானப் பாதை அறுந்துபோச்சு.

1943ல குவாண்டாஸ் அதை மறுபடி இணைத்தது. பெர்த்தில் கிளம்பி, இலங்கையில் காலி பக்கத்துல இருக்கிற கொக்கல ஏரியில் இறங்கணும். நடுவுல முழுக்க இந்தியப் பெருங்கடல். சுமார் 5,650 கிமீ. நேரம்? 27 முதல் 33 மணி!

எரிபொருள் எடையால 3 பயணிகளுக்குத்தான் இடம். ரேடியோ பேசக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துதான் வழி கண்டுபிடிக்கணும். ஒரே பயணத்துல ரெண்டு தடவை சூரியன் உதிக்கிறதைப் பார்த்ததால "இரட்டைச் சூரியோதயம்"னு பேர்.

போர் முடிஞ்சது. 1947 டிசம்பரில் சிட்னி - லண்டன் சேவை. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலினு நின்னு நின்னு 4 நாள். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் ராத்தங்கல்.

2018 மார்ச்சில் பெர்த் - லண்டன் நேரடி விமானம். ஒரு நிறுத்தம்கூட இல்லை.

கவனிங்க. பூமியில தூரம் குறையவே இல்லை. குறைஞ்சது நேரமும், நடுவுல இறங்கி நடந்த நடையும்தான்.

இதுல என்ன பிரச்சனை டாக்டர்? சொல்றேன்.

காலில் இருக்கிற ரத்தத்தை மேல தள்ளுறது கெண்டைக்கால் தசை. அசையாம உட்கார்ந்தா ரத்தம் தேங்கும், சிலருக்கு உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சா உயிருக்கே ஆபத்து.

1940ல லண்டன் மேல குண்டு விழுந்தப்ப, பதுங்குமிடங்களில் ராத்திரி முழுக்க சாய்வு நாற்காலியில் இருந்த சிலர் இப்படித்தான் திடீர்னு இறந்தாங்க. தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அதே வருஷம் லான்செட்டில் எழுதினார். அங்க விமானமே இல்லை, நாற்காலிதான்! 1954ல ஜான் ஹோமன்ஸ், நீண்ட விமானப் பயணத்துக்கும் கால் ரத்தக்கட்டிக்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்தார்.

2007ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது: 4 மணி நேரத்துக்கு மேல அசையாம பயணிச்சா அபாயம் சுமார் 2 மடங்கு. ஆனா ஆரோக்கியமானவங்கள்ல சுமார் 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான். பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கால் வீங்கி எங்க வார்டுக்கு வந்த ஒரு அண்ணன், "நான் ஃபிளைட்டே ஏறினதில்ல சார்"னார். 14 மணி நேரம் பஸ்ல வந்திருந்தார். பஸ், கார், ரயில் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

✅ ஒண்ணு ரெண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க
✅ உட்கார்ந்தே பாதத்தை மேலும் கீழும் அசைங்க
✅ சமீபத்துல ஆபரேஷன், புற்றுநோய், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, முன்பு ரத்தக்கட்டி இருந்தவங்க கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்க
❌ நீங்களா ஆஸ்பிரின் போடாதீங்க

பயணம் முடிஞ்சு சில வாரங்களுக்குள்ள ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரி. மூச்சு திணறினா, நெஞ்சு வலிச்சா 108.

வெளிநாட்டுல இருந்து அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுறவங்களுக்கு இதை அனுப்புங்க. ஓர சீட்டா போடுங்க, எழுந்து நடக்க வசதியா இருக்கும் 🙏