பழைய கணினிகளிலிருந்து தமிழ்க் கோப்புகளை மாற்றுதல்

பழைய கணினிகளில் தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளை இன்று படிக்க, முதலில் அவற்றை இடம்பெயர்க்கவும் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவும் வேண்டும். இரண்டாவதே கடினமானது.

கோப்பைக் கடத்தல்

நெகிழ்வட்டு இயக்கி கிடைக்காதபோது, இரு கணினிகளையும் தொடர் துறை வழியே வடத்தால் இணைக்கலாம். புதிய கணினிக்கு யுஎஸ்பி மாற்றி தேவைப்படலாம். வடத்தில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக இணைந்திருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் உருவான கெர்மிட் நெறிமுறை, பழுதான பொதிகளை மீண்டும் அனுப்பச் செய்கிறது. திஸ்கி (தமிழ் தகுதரம்) குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் 127க்கு மேற்பட்ட எண்களில் உள்ளன. எனவே எட்டாவது பிட் இழக்கப்பட்டால் அவை உரோமன் எழுத்துகளாகச் சிதைந்துவிடும்.

குறியாக்க மாற்றம்

திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதியப்படுகிறது. ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வரும். ஆகவே மாற்றி மென்பொருள் எண்களுடன் வரிசையையும் திருத்த வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது.

பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்துள்ளன. எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எந்த எழுத்துரு என்று தெரியாத கோப்பே பெருந்தொல்லை. எனவே பழைய கணினியிலுள்ள எழுத்துருக் கோப்பையும் உடன் படியெடுத்தல் நன்று. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அதைக் கொண்டே அறியலாம்.