வடிப்பானும் நறுக்கலும்: டியூப் ஸ்கிரீமர் மின்சுற்றின் டிஜிட்டல் உருவகம் குறித்து

ஐபனெஸ் டி.எஸ்.808 டியூப் ஸ்கிரீமர் கிட்டார் ஓவர்டிரைவ் பெடலின் டிஜிட்டல் உருவகங்களில் அடிக்கடி காணப்படும் வாசிப்பு, மின்சுற்றை மூன்று பெட்டிகளாக வரிசையில் நிறுத்துகிறது: 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் வடிப்பான், அலையின் முகடுகளை நறுக்கும் சார்பு, 723 ஹெர்ட்ஸுக்கு மேலே தணிக்கும் மற்றொரு வடிப்பான். கணக்கிட வசதியான வாசிப்புதான். மின்சுற்றுப் படம் அதற்கு இடம் தரவில்லை.

சிக்கல் முதல் ஆப்-ஆம்ப்பில் இருக்கிறது. அதன் பின்னூட்டப் பாதையில் 51 கிலோ ஓம் மின்தடையும் 500 கிலோ ஓம் 'டிரைவ்' திருகியும் தொடராக உள்ளன. அவற்றுக்கு இணையாக 51 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியும் எதிரெதிர்த் திசையில் இரு டையோடுகளும். ஆப்-ஆம்ப்பின் எதிர் உள்ளீட்டு முனையிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் தொடராகச் செல்கின்றன. 720 என்ற எண் இந்தச் சோடியிலிருந்து வருவது. ஆனால் இந்தச் சோடி டையோடுகளுக்கு முன்னால் இல்லை, அவற்றோடு ஒரே வளையத்தில் இருக்கிறது. கிட்டார் ஒலி நேர்முனையில் நுழைவதால், வெளியீடு என்பது உள்ளீட்டோடு டையோடுகளின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தைக் கூட்டியது. ஆகவே அடித்தொனி நீக்கப்படுவதில்லை. அதிர்வெண் குறையக் குறையப் பெருக்கம் ஒன்றை நோக்கி இறங்குகிறது, உள்ளீடு அப்படியே கடந்து போகிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை, ஊடைக்கு ஊடை கோத்துக்கொண்டே போகிறார்கள். வடிப்பானும் நறுக்கலும் இங்கே அப்படித்தான் பிணைந்திருக்கின்றன.

இந்தக் கூட்டல், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் வெளிப்படுகிறது. கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா, 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பை வெளியிட்டார். எனவே கமகமும் ஓவர்டிரைவும் சந்திப்பது கற்பனைச் சோதனை அல்ல. நான்காம் தந்தியின் 147 ஹெர்ட்ஸை ஆதார சட்ஜமாகக் கொள்ளலாம். டிரைவை முழுதும் திருகினால், டையோடுகள் கடத்தாத மெல்லிய ஒலியில் அந்த அடிச்சுரத்துக்குக் கிடைக்கும் பெருக்கம் சுமார் 24 மடங்கு. 2,000 ஹெர்ட்ஸில் அது நூறைத் தாண்டும். எனவே மீட்டிய சுரம் எளிதில் நறுக்கலுக்குள் நுழைகிறது. ஒரே மீட்டில் பல அசைவுகள் வரும்போது தந்தியின் வீச்சு தேய்கிறது. பெட்டி வாசிப்பில் நறுக்கப்பட்ட அலையின் உயரம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். மெய்யான சுற்றிலோ கூட்டப்பட்ட உள்ளீடு தேய்வைச் சுமந்துகொண்டே போகும். விரலின் அழுத்தம் கேட்பது இதனால்தான் என்று கொள்வதே பொருத்தம்.

51 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியைப் பெட்டி வாசிப்பு விட்டுவிடுகிறது. 551 கிலோ ஓமோடு சேர்ந்து அதன் வெட்டு அதிர்வெண் சுமார் 5,700 ஹெர்ட்ஸ். டையோடுகள் கடத்தத் தொடங்கினால் அவற்றின் மின்தடை ஓரிரு கிலோ ஓமாகச் சரிகிறது; வெட்டு அதிர்வெண் கேட்கும் எல்லைக்கு வெகு அப்பால் ஓடிவிடுகிறது. அதாவது ஒவ்வோர் அலைச்சுற்றிலும் வடிப்பான் திறந்து மூடுகிறது. இதற்கு ஒரு நிலையான வெட்டு அதிர்வெண்ணைக் கொடுப்பது, இல்லாத பொருளுக்குப் பெயர் வைப்பதாகும்.

கணிப்பிலும் விளைவு உண்டு. 551 கிலோ ஓமும் 51 பிக்கோ ஃபாரடும் தரும் கால மாறிலி 28 மைக்ரோ நொடி. 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் இரு மாதிரிகளுக்கு இடையிலான இடைவெளியே 22.7 மைக்ரோ நொடி. டையோடு கடத்தும்போது மாறிலி இன்னும் நூறு மடங்குக்கு மேல் சுருங்குவதால், முன்னோக்கு ஆய்லர் முறை நிலைகுலையும். சரிவக விதியோ பின்னோக்கு ஆய்லரோ கொண்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் நியூட்டன்-ராப்சன் தீர்வு காண்பதே வழி. மாதிரி வீதத்தையும் சில மடங்கு உயர்த்த வேண்டும். தேடவேண்டிய மாறி ஒன்றே என்பதால் கணிப்புச் சுமை என்ற ஆட்சேபம் இன்று நிற்காது. சைன் அலை அளவீடுகள் பெட்டி வாசிப்போடு ஒத்துப்போகின்றன என்பதும் வலுவான சான்றல்ல: டையோடுகள் உறங்கும் மெல்லிய ஒலியில் எடுத்த அளவீடு, அவை விழித்திருக்கும் நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

உதிரிப் பாகங்களின் உற்பத்தி வேறுபாடு இங்கே தரப்பட்ட எண்களைச் சற்று நகர்த்தலாம். வளையத்தின் அமைப்பை நகர்த்தாது.

தொனிப் பகுதியில் மட்டும் பழைய வாசிப்பு சரியே. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை மிகக் குறைவு. எனவே 1 கிலோ ஓமும் 0.22 மைக்ரோ ஃபாரடும் கொண்ட 723 ஹெர்ட்ஸ் வடிப்பான் முன்பகுதியைப் பாதிப்பதில்லை. அதைத் தனிப் பெட்டியாகவே எழுதலாம், 20 கிலோ ஓம் தொனித் திருகியின் நேர்கோடல்லாத சுழற்சி வளைவைச் சேர்த்துக்கொண்டால்.