செத்தவருக்கு என்ன வரும்படி? – நஷ்டஈட்டு வழக்குகளின் சரித்திரம் குறித்துச் சில குறிப்புகள்

விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பம் எந்த வக்கீலிடம் போனாலும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: 'மாசம் எவ்வளவு சம்பாதிச்சாரு?' அடுத்தது: 'அதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?' வேறு எப்படித்தான் கேட்பது என்று நினைக்குமளவுக்கு இந்தக் கேள்விகள் நமக்குப் பழகிப்போய்விட்டன. இவை பழகிப்போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ரயில் கம்பெனிகள் இருக்கின்றன, காலனியச் சட்டம் இருக்கிறது, ஒரு தாய் எழுதிய கடிதமும் இருக்கிறது. சட்ட உதவி என்றால் ஏழைக்கு இலவச வக்கீல் என்ற அளவில் நின்றுவிடும் தோழர்களுடன் இதைப் பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி ஒருவன் கையை உடைத்தால் ஈடு கேட்கலாம். ஆளையே கொன்றுவிட்டால் கேட்க முடியாது. வழக்குப் போடும் உரிமை ஆளோடு சேர்ந்து செத்துவிடும். 1808இல் நடந்த பேக்கர் எதிர் போல்ட்டன் வழக்கில், குதிரைக் கோச்சு கவிழ்ந்து மனைவியை இழந்தவருக்கு, அவள் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே ஈடு கிடைத்தது. மூச்சு நின்றதோடு கணக்கும் நின்றது. மனித உயிர் போனதை ஒரு தீங்கு என்று சிவில் கோர்ட்டில் முறையிட முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ.

அதே நாட்டில் 'டியோடண்ட்' என்று ஒரு பழைய வழக்கமும் இருந்தது. ஆளைக் கொன்ற பொருள், அது வண்டியோ குதிரையோ, அல்லது அதன் மதிப்பு அரசருக்குச் சேர வேண்டும். 1840களில் ரயில் விபத்துச் சாவுகளை விசாரித்த ஜூரிகள் இந்தத் துருப்பிடித்த ஆயுதத்தை எடுத்து இன்ஜின்கள்மேல் பெரிய தொகைகளை விதிக்கத் தொடங்கினார்கள். கம்பெனிகள் பதறின. 1846இல் பார்லிமெண்ட் இரண்டு காரியம் செய்தது. டியோடண்டை ஒழித்தது. செத்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம் என்று 'லார்ட் கேம்பல் சட்டம்' கொண்டுவந்தது.

குடும்பத்துக்கு உரிமை கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அளவுகோல் மாறிப்போனதையும் சேர்த்துப் பார்க்கணும். முன்பு கொன்ற பொருளுக்கு மதிப்புப் போட்டார்கள். இப்போது செத்த ஆளுக்குப் போட்டார்கள். 1852இல் பிளேக் எதிர் மிட்லண்ட் ரயில்வே வழக்கில், விதவையின் துக்கத்துக்குக் காசு கிடையாது, பண இழப்புக்கு மட்டும்தான் என்று முடிவாயிற்று.

1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடியது. இரண்டே வருஷத்தில், 1855இல், கேம்பல் சட்டத்தின் வார்ப்பாக 13ஆம் எண் சட்டம் இந்தியாவுக்கு வந்தது. இங்கும் அதே பட்டியல்: மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை. அண்ணன் சம்பாத்தியத்தில் படிக்கும் தம்பிக்கு, தம்பி வீட்டில் அண்டியிருக்கும் அக்காளுக்கு அதில் இடமில்லை. மோட்டார் விபத்தில் சகோதரனும் ஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் சொன்னது 1987இல்தான்.

தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைக் கண்ணகியே பாண்டியனிடம் சொல்கிறாள். அந்தக் கன்று வளர்ந்தால் எத்தனை படி பால் கறந்திருக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதற்காக அந்தக் காலத்தை நினைத்து உருக வேண்டியதில்லை. அது அரசனின் புகழ் பாடும் கதை; மணியடித்த பசுவின் உரிமை பற்றி அதில் பேச்சில்லை.

2

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? சிவில் கோர்ட்டில் கேட்கும் தொகைக்கேற்பக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் தான் 'பாப்பர்' என்று நிரூபிக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1976 வரை அந்த வார்த்தையேதான் இருந்தது. புருஷனை ரயிலுக்கோ மில்லுக்கோ கொடுத்தவள், முதலில் தன்னைப் பிச்சைக்காரியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

1923இன் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1956 திருத்தத்தின் வழியே வந்த மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களும் இந்த வாசலைக் கொஞ்சம் அகலமாக்கின. ஆனால் உள்ளே போனால் அதே வாய்ப்பாடு: வருமானம், வயது, ஒரு பெருக்கல் எண்.

1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி 1995 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், தலித்துகள், பழங்குடிகள், ஆலைத் தொழிலாளர்கள், பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் இலவச வக்கீலைக் கேட்டுப் பெறலாம். பெண்ணும் தலித்தும் பழங்குடியும் வருமானச் சான்று காட்டத் தேவையில்லை. இது சலுகை அல்ல, சட்டம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

3

யார் யாருக்காகப் பேசுவது? போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தது. சில நாட்களுக்குள் அமெரிக்க வக்கீல்கள் விமானமேறி வந்து கைரேகை வாங்கிப்போனார்கள். அதைத் தடுக்கிறேன் என்று 1985இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, எல்லாருக்காகவும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. நியூயார்க் நீதிபதி கீனன் 1986இல் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டார். அரசு 330 கோடி டாலர் கேட்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுமார் 3,000 சாவு என்ற கணக்கில் போட்ட சமரசம் அது. பின்னால் ஈடு வழங்கப்பட்ட சாவுகளே ஐயாயிரத்தைத் தாண்டின. காப்பாற்ற வந்த கை வாயையும் பொத்திவிட்டது.

இதற்கு நேர் எதிரே இன்னொரு காட்சி. ஒரிசாவில் 1987 டிசம்பர் 1ஆம் தேதி போலீஸ் பிடித்துப்போன 22 வயதுப் பையன், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அவன் தாய் 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. கோர்ட் ஃபீஸ் இல்லை, 'பாப்பர்' விசாரணை இல்லை. 1993 மார்ச்சில், நிலாபதி பெஹரா வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பு, அடிப்படை உரிமை மீறலுக்கு அரசு ஈடு தரவேண்டும், இறையாண்மை என்ற கேடயத்தை அங்கே தூக்க முடியாது என்றது. ஆனால் தொகையை எப்படிப் போட்டார்கள்? செத்தவனின் வயதையும் மாத வருமானத்தையும் பார்த்து ஒன்றரை லட்சம். லாக்கப்பில் கொன்றதற்கும் லாரி ஏற்றியதற்கும் ஒரே தராசு!

4

சம்பளமே இல்லாதவர் செத்தால்? 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் மதிப்பைப் புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. அதாவது கலெக்டர் வீட்டில் சோறு பொங்குகிறவளுக்கு ஒரு விலை, கூலிக்காரன் வீட்டில் பொங்குகிறவளுக்கு ஒரு விலை. 2001இல் லதா வாத்வா வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று கோர்ட் தானே மதிப்புப் போட்டது. 2010இல் அந்த அட்டவணையையே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 1852இல் வெளியே தள்ளப்பட்ட துக்கம்கூட 2017இல் 'துணை இழப்பு' என்ற பெயரில் 40,000 ரூபாயாகத் திரும்பி வந்தது.

வாய்ப்பாட்டையே மீறிய இடம் ஒன்று உண்டு. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நடத்திய வழக்கில் 2014இல் வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் தரச் சொன்னது. 2023இல் அது முப்பது லட்சமாயிற்று. அங்கே சம்பளச் சீட்டு கேட்கப்படவில்லை, வயது கேட்கப்படவில்லை. சாதி இறக்கிய குழியில் செத்தவன் என்பதே போதுமானதாயிற்று. இது நீதிபதிகளின் கருணையால் நடந்ததல்ல. யார், எந்த ஊர், எந்தக் குழி என்று சாவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டவர்களின் வேலை அது.

5

'பொணத்து மேல காசு பாக்குறா' என்று விதவையைப் பேசும் ஊர் ஒரு பக்கம். நஷ்டஈடு என்பது வாயை அடைக்கிற காசு, போராட்டத்தை மழுங்கடிக்கும் என்று சந்தேகப்படும் நம் இயக்கங்கள் இன்னொரு பக்கம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தண்டனைக்குப் பதிலாகப் பணம் என்று அரசு பேரம் பேசும்போது எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நோட்டீசில் 'இருபத்தைந்து லட்சம் வழங்கு' என்று அச்சடித்துவிட்டு, அந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரி வாசல் புரோக்கரிடம் விட்டுவிட்டு வருகிறோமே, அதற்கு என்ன பெயர்?

முதல்வர் அறிவிக்கும் நிவாரணம் கருணைத் தொகை. கோர்ட் தருவது உரிமை. முதலாவதை வாங்கியதால் இரண்டாவது போய்விடாது என்பதை அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் அலைந்து வாங்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் வழக்குகளுக்கு ஆறுமாதக் கெடு திரும்ப வந்ததையும், அதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போனதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூலிக்குச் சீட்டு இல்லாத இடத்தில் கூட வேலை செய்த நாலு பேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். கட்டுரை எழுதுவதைவிடக் கஷ்டமான வேலைதான்.

வருமானத்தால் உயிரை அளப்பது ரயில் கம்பெனிகள் காலத்தில் வந்த பழக்கம். அது அசையும் என்பதற்கு ஒரு கடிதமும் ஒரு பட்டியலும் சாட்சி. அடுத்த முறை 'என்ன வரும்படி' என்று கேட்கப்படும்போது, பதிலோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் எதிர்த்து வாதாடுகிற வக்கீலும், அவருக்குப் பின்னால் காகிதங்களோடு நிற்கிற நாலு தோழர்களும் வேண்டும்.