கூந்தலோரம் வைத்த கவிதைகள்

சவக்குழியிலிருந்து எழுந்து வந்து அச்சேறிய புத்தகம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது ஆங்கில ஓவியர் தாந்தே கேப்ரியல் ரொஸெட்டியின் கவிதைத் தொகுதி.

தம் படங்களுக்கு மாதிரியாக இருந்த எலிஸபெத் ஸிடாலைப் பல வருஷம் காக்க வைத்து, 1860-ல்தான் அவர் மணந்தார். மறு வருஷம் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில் அவள் அபினி மருந்தை அளவுக்கு மீறிக் குடித்து இறந்துபோனாள். அவளைத் தவிக்க விட்டோமே என்ற உறுத்தலில், தம் கவிதைகளின் கையெழுத்துப் பிரதியை அவள் கூந்தலோரம் வைத்து, லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்.

ஏழு வருஷம் போயிற்று. கவிதைகள் வேண்டியிருந்தன. 1869 அக்டோபரில், இரவில், குழியைத் தோண்டினார்கள். கூந்தல் அப்படியே இருந்ததாக ஒரு பேச்சு உண்டு, நான் நம்பவில்லை. பிரதியைப் புழு துளைத்திருந்தது. மருந்திட்டுச் சுத்தம் செய்து உலர்த்தினார்கள். 1870-ல் புத்தகம் வெளிவந்தது, நன்றாகவே விற்றது.

எழுதுகிறவன் என்ற முறையில், அவர் கவிதைகளைத் திரும்ப விரும்பியதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் குழியருகே அவர் போகவில்லையே! ஆட்களை அனுப்பிவிட்டு வேறிடத்தில் காத்திருந்தார். தம் கையால் கொடுத்ததைப் பிறர் கையால் எடுத்தார். துரோகம் என்று நான் சொல்வது அதைத்தான்.

தம்மை ஹைகேட்டில் மட்டும் புதைக்கக் கூடாது என்று அவர் எழுதி வைத்திருந்தார். 1882-ல் இறந்தபோது, கடலோரத்துப் பர்ச்சிங்டனில் அடக்கம் செய்தார்கள்.