ஹஜ் நோட்டின் மெய்யும் பொய்யும்

கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்று மீண்ட பெரியவர்களின் பெட்டிகளில் தஸ்பீஹ் மணியோடும் அத்தர்ப் புட்டியோடும் அபூர்வமாக ஒரு ரூபாய் நோட்டும் கிடப்பதுண்டு. வரிசை எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அதில் அச்சாகியிருக்கும். அதுவே ஹஜ் நோட்டு. இத்தகைய 100 ரூபாய் நோட்டொன்று 2024-ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் 50 இலட்சம் ரூபாய்க்கும் மேல் விலைபோயிற்று என்ற செய்தி வந்ததிலிருந்து, நம் ஊர்களிலும் பழைய பெட்டிகள் திறக்கப்படுகின்றன. விலை ஏறுமிடத்தில் பொய்யும் வந்து சேரும். ஆகவே இந்நோட்டின் வரலாற்றை அறிந்து வைத்தல் நலம்.

இதன் கதை தங்கத்தில் தொடங்குகிறது. 1959-க்கு முன் குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன் முதலிய வளைகுடா நாடுகளில் நம் இந்திய ரூபாயே செலாவணியில் இருந்தது. அங்கிருந்து இந்தியாவுக்குத் தங்கம் கடத்தியவர்கள் அதன் விலையை ரூபாயாகவே கொண்டு சென்றனர். அந்த ரூபாய் வங்கிகளின் வழியே இந்தியாவுக்குத் திரும்பி, ஸ்டெர்லிங் பவுன் கேட்டு நின்றது. நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. இதைத் தடுக்க 1959-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டில் மட்டும் வழங்குவதற்கெனத் தனி நோட்டுகள் அச்சிடப்பட்டன. இந்தியாவுக்குள் அவை சட்டப்படி செல்லுபடியாகா. வளைகுடாவுக்குரியவை 'இஸட்' எழுத்தோடு வந்தன. 10 ரூபாய் சிவப்பு, 100 ரூபாய் பச்சை. ஹாஜிகள் ஸவூதி அரபியாவில் மாற்றிக்கொள்வதற்காக 10 ரூபாயும் 100 ரூபாயும் 'எச்.ஏ.' எழுத்தோடு வந்தன. இவற்றில் 10 ரூபாய் நீலம், 100 ரூபாய் சிவப்பு.

அக்காலத்து ஸவூதி அரபியாவிலேயே காகிதப் பணம் புதியது. கனத்த வெள்ளி ரியால்களைச் சுமக்கும் சிரமம் ஹாஜிகளுக்கு வேண்டாமென்று, 1953-இல் அந்நாட்டு நாணய ஆணையம் 'ஹாஜிகளின் ரசீது' என்ற பெயரில் 10 ரியால் தாள்களை வெளியிட்டது. பெயர்தான் ரசீது, மக்கள் அதைப் பணமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இனி நோட்டைச் சோதிக்கும் வழிக்கு வருவோம். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அசோகத் தூணின் நீர்க்குறியைக் காணவேண்டும். மெய்யான நீர்க்குறி தாள் உருவாகும்போதே அதனுள் அமைவது. நிழல் மெல்ல மெல்லக் கனக்கும். போலியில் அது எண்ணெய்க் கறைபோல் மேலே படிந்திருக்கும். அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி. மெய் நோட்டின் கோடுகள் அறுபடாமல் ஓடும். நகலெடுத்த தாளிலோ கோடுகள் புள்ளிகளாய்ச் சிதறும். சாதாரண நோட்டைச் சாயத்தில் நனைத்து நிறம் மாற்றியிருந்தால், வெள்ளையாக இருக்கவேண்டிய ஓரமும் சாயம் குடித்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் பழைய பருத்தித் தாள் மங்கிக் கிடக்கும். இக்காலத்து வெண்காகிதம் நீலமாய் ஒளிரும். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பலாகாது. அழுக்குப் போக்குவதாக எண்ணி, மெய் நோட்டைச் சலவைத் தூளில் அலசிவிட்டால் அதுவும் ஒளிரும்! பழைய நோட்டைக் கழுவவே கூடாது.

கண்ணுக்கும் கைக்கும் எட்டாத சோதனை ஒன்றுண்டு, அது காலக்கணக்கு. ஹதீஸ் கலையினருக்கு இது பழகிய ஆயுதம். கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரி இல்லையென்று நபி (ஸல்) அவர்கள் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதின் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் ஓர் ஆவணம் காட்டப்பட்டது. அலீ (ரலி) அவர்களின் கையெழுத்து என்றும் கூறப்பட்டது. அமைச்சர் அதனை கத்தீபுல் பக்தாதீ (மறைவு ஹிஜ்ரி 463) அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் பார்த்துவிட்டு, இது போலி என்றார்கள். சாட்சிகளில் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தில் இணைந்ததோ மக்கா வெற்றியின் ஆண்டாகிய ஹிஜ்ரி 8-இல். கைபர் வெற்றி ஹிஜ்ரி 7. மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்களோ ஹிஜ்ரி 5-லேயே மறைந்துவிட்டார்கள். தாளையும் மையையும் ஆராயாமலே வழக்கு முடிந்தது.

ஹஜ் நோட்டிலும் இந்த முறை செல்லும். சட்டம் 1959-இல் வந்தது. அப்போது ரிசர்வ் வங்கியின் கவர்னர் எச்.வி.ஆர். அய்யங்கார், அவர் 1957 முதல் 1962 வரை பதவியில் இருந்தார். அவருக்கு முந்திய ராமராவ் 1957-லேயே விலகிவிட்டார். ஆகவே 'எச்.ஏ.' எழுத்தோடு ராமராவின் ஒப்பம் உள்ள நோட்டு எவ்வளவு அழகாயிருப்பினும் பொய்யே.

சென்ற ஆண்டு நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். அவருடைய பாட்டனார் 1961-இல் பம்பாயிலிருந்து கப்பலேறியவர். அவர் கொண்டுவந்த நோட்டைப் பாட்டியார் யாஸீன் கிதாபுக்குள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்திருக்கிறார். தங்கையின் நிக்காஹ் செலவு முழுவதையும் மாணவர் அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். விரித்தோம். சிவப்பு நிறம், ஆனால் 10 ரூபாய். எழுத்து 'இஸட்'. நோட்டு மெய்; ஹஜ் நோட்டு அன்று. வளைகுடா நோட்டு.

"ஹழ்ரத், வியாபாரி ஒருவர் எழுத்தை மாற்றிவிடலாம் என்கிறாரே?" என்று அவர் தயங்கிக் கேட்டார். ஹஜ் நோட்டில் 10 ரூபாய் நீலம். எழுத்தை மாற்றினாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்றோம். காட்டிக்கொடுக்காவிட்டாலும் அது மோசடிதான் என்பதை அவர் நம்மிடமே ஓதியிருக்கிறார், தலை குனிந்துகொண்டார்.

நம் மனம் பாட்டியாரிடம் இருந்தது. கணவர் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த நோட்டு என்ற அவருடைய நினைவு பொய்யாகிவிடுமோ? அவ்வாறு முடிவுகட்ட இடமில்லை. வளைகுடாவிலிருந்தும் மக்கள் ஹஜ்ஜுக்கு வந்தார்கள். பஹ்ரைனில் 1965 வரை இந்த நோட்டே செலாவணி. மினாவிலோ ஜித்தாவிலோ அது கைமாறியிருக்கலாம். நேரில் சென்று இவ்வளவையும் சொன்னோம். பாட்டியார் முழுவதும் கேட்டுவிட்டு நோட்டை வாங்கிப் பழைய பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். வளைகுடா நோட்டுக்கு இப்போது என்ன விலை என்று வேறொரு வியாபாரிக்கு மாணவர் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.