கடல் கடந்து வந்த புரவிகள்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திற்கு அருகே பழையகாயல் என்னும் சிற்றூர் உள்ளது. மார்க்கோ போலோ தம் பயண நூலில் குறிப்பிடும் காயல் துறைமுகம் இதுவே என்பது கால்டுவெல் முதலியோர் கண்ட முடிபு. ஆற்று வண்டலால் கடல் விலகிப்போன அவ்வூரில் இன்று பெருங்கலங்களைக் காண இயலாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து வந்த கலங்கள் அங்கே குதிரைகளை இறக்கிய வண்ணம் இருந்தன.

கடல்வழியே புரவிகள் வருவது தமிழகத்திற்குப் புதிதன்று; புகார் நகரில் அவை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியர் காலத்தில் அவ்வணிகம் பெருகிற்று. மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்கிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்ததாம்!

அயலார் தந்த எண்களில் மிகை இருக்கலாம். ஆயினும், குதிரைகள் கெட்டதற்குப் பராமரிப்புக் குறைவே காரணம் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். சோற்றோடு வேகவைத்த இறைச்சி ஊட்டப்பட்டதாக மார்க்கோ போலோ கூறுகிறார். வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் தரப்பட்டன என்பது வசாஃபின் கூற்று. கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையில் கட்டிவைத்து, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியுமின்றி, வீரர்கள் அவற்றின்மீதேறி வெறியோடு விரட்டினராம்.

இதன் விளைவை இன்றைய கால்நடை மருத்துவம் தெளிவாக்குகிறது. குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறியது. நாள் முழுதும் சிறுகச் சிறுகப் புல் மேய்வதே அதன் இயல்பு. தானியம் மிகுந்தால் குடலில் புளித்து, கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தோன்றும். உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. நெடுநாள் அசையாது நின்ற குதிரையைத் திடீரென ஓட்டினால் தசைகள் சிதையும். கடற்பயணத்தால் களைத்த விலங்கிற்கு ஓய்வும், நாள்தோறும் சிறிது நடையும், படிப்படியான பயிற்சியும் வேண்டும். தன் நேர்பின்னே நிற்பவரைக் குதிரை காணாது. ஆதலால் குரல் கொடுத்து, தோள்பக்கமாகவே அதனை அணுகவேண்டும். அஞ்சிய குதிரையை அடித்தால் அச்சமே வளரும். உதைபட்டுக் காயமுறுபவர் அதனை நடத்துபவரே.

இவற்றைச் சொல்லித்தர ஆள் இல்லையா? இருந்தனர். ஆனால், குதிரை மருத்துவம் அறிந்தோரை வணிகர்கள் இங்கு அழைத்துவரவில்லை, வரவும் விடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! விற்றவர் அறிவை மறைத்தனர். வாங்கியவரோ பொன் இருக்கும் துணிவில் அதனைத் தேடாதிருந்தனர். இருவருக்குமிடையே பேச வாயில்லாத உயிர்கள் மடிந்தன.

கருவி, வாகனம், கால்நடை என யாவற்றையும் விலைகொடுத்து வாங்கும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஓர் உயிரை வாங்கப் பொன் போதும். அதனை வாழவைக்க, அதன் இயல்பை அறிந்தவரிடம் சென்று கற்கும் பணிவு வேண்டும்.