நடப்பவர்களால் பாலம் பக்கவாட்டில் ஆடுவது ஏன்?

இலண்டன் தேம்ஸ் நதியின் குறுக்கே கட்டப்பட்ட மில்லேனியம் நடைபாலம், 2000 ஜூன் 10 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டே நாட்களில் அது மூடப்பட்டது. புயலோ வெள்ளமோ காரணமல்ல. கூட்டமாக நடந்தபோது பாலம் இடமும் வலமுமாக ஆடியதே காரணம். பலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றனர்.

நாம் நொடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வோர் அடியும் பாலத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இதைப் பொறியாளர்கள் முன்பே கணக்கில் எடுத்துவந்தார்கள். ஆனால் இடது காலை ஊன்றும்போது ஒரு பக்கமும், வலது காலை ஊன்றும்போது மறுபக்கமும் பாலத்தைச் சற்றே தள்ளுகிறோம். இந்தத் தள்ளல் மிகச் சிறியது. பலர் நடக்கும்போது ஒருவருடைய தள்ளலை இன்னொருவருடையது ஈடுசெய்துவிடும் என்றே கருதப்பட்டது.

தரை நிலையாக இருந்தால் அது சரிதான். பாலம் லேசாக ஆடத் தொடங்கினால், படகில் நிற்பவரைப் போல நாம் காலை அகட்டி வைத்துச் சமநிலை தேடுகிறோம். அந்த முயற்சியே ஆட்டத்துக்கு வலுவூட்டுகிறது.

பாலத்தை வடிவமைத்த அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தனர். பாலம் பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக அசைகிறதோ, அதே அளவுக்கு நடப்பவரின் தள்ளலும் கூடுகிறது என்று கண்டனர். ஒவ்வொரு பாலத்துக்கும் ஆட்டத்தை அடக்கும் இயல்பான தடை உண்டு. நடப்பவர்கள் அந்தத் தடையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறார்கள். அது தீரும்வரை பெரிய மாற்றம் தெரியாது. தீர்ந்ததும் ஆட்டம் திடீரெனப் பெருகும். பாலத்தின் வடபகுதியில் நடந்த சோதனையில் 156 பேர் வரை பாலம் அடங்கியிருந்தது. 166 பேரானபோது ஆட்டம் வேகமாக வளர்ந்தது.

எல்லோரும் ஒரே தாளத்தில் அடி வைப்பதுதான் காரணம் என்று 2005இல் ஒரு கணித மாதிரி விளக்கியது. தாளம் ஒன்றாமலேயே ஆட்டம் தொடங்க முடியும் என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

37 பாகுநிலைத் தணிப்பான்களும், ஐம்பதுக்கு மேற்பட்ட எடைத் தணிப்பான்களும் பொருத்தப்பட்டன. செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆகவே, நடைபாலம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று கேட்பது மட்டும் போதாது. எத்தனை பேர் நடந்தால் ஆடத் தொடங்கும் என்பதையும் கட்டும் முன்பே கணக்கிட வேண்டும். நெரிசலில் பாலம் ஆடுவதாக உணர்ந்தால் நாம் ஓடக் கூடாது. நடப்பதை நிறுத்தி நின்றால், ஆட்டத்தை வளர்க்கும் விசை குறைந்து பாலம் அடங்கும்.